ஹெட்டரை மாற்றிவிட்டு வா

பிரபு,

நீ வாட்ஸ்அப்பில் இரண்டு ஹெட்டர் படம் அனுப்பி, "இதுல எதுப்பா நல்லாருக்கும்?" என்று கேட்டு வாரங்கள் ஓடிவிட்டன. "பார்த்துச் சொல்றேன்" என்று நான் போட்ட பதில் பொய். எது நல்லது என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. வாழ்நாள் பூராவும் சைலன்சர் கடையில் பைப் வளைத்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால் வேறு என்னதான் தெரியும்? சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் அம்மா. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கோ காது மந்தம். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் பேசினால் மர்பி டவுன் மொத்தமும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது, பிழை இருந்தால் வெல்டிங் சரியில்லை என்று நினைத்துக்கொள். நீ படித்தது கன்னடமும் இங்கிலீஷும். தமிழை சினிமா போஸ்டர் படிப்பதுபோல எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். கவிதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். என் மருமகள் ஆம்பூர்ப் பெண், கடகடவென்று படித்துவிடுவாள். அவள் காதிலும் இது விழ வேண்டும்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காரில் இருக்கும் பழைய ஹெட்டரை, நாம் வளைத்த அந்தப் புகைக் குழாயை, உடனே கழற்றிப் போட வேண்டும். கழற்றினால் உன் அம்மாவுக்கு நீ யார் என்று தெரியாமல் போகும். இரண்டும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் இத்தனை நாள் மென்று முழுங்கினேன்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் பேட்டரி படுத்துவிட்டது என்று நீ, கவிதா, குழந்தை தியா மூன்று பேரும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மெட்ரோவில் மாறி மாறி வந்தீர்களே, அந்த நாளை நினைத்துப் பார். அல்சூரிலிருந்து நடந்து வந்து நீ கேட்டைத் திறந்தாய். அம்மா வாசலில் நின்று உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாருங்க? யாரைப் பாக்கணும்?" என்றாள். "அம்மா, நான்தாம்மா" என்றாய். "தம்பி இல்லீங்களே. டூட்டிக்குப் போயிருக்கான். ஞாயித்துக்கெழம வாங்க, இருப்பான்" என்றாள். உன் கையில் பழப் பை இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நீ நின்ற நிலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் காரில் வந்தாய். கார் சர்ச் முனையில் திரும்பும்போதே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி வந்துட்டான். தோசக் கல்ல வை" என்றாள். நீ உள்ளே வந்ததும் கன்னத்தைத் தொட்டு, "எளைச்சிட்டடா" என்றாள். "போன வாரம் மூட் சரியில்லப்பா, இன்னைக்கு நல்லாருக்காங்க" என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். மூட் இல்லை, பிரபு. சத்தம். உன் முகம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. அந்தச் சத்தம் கேட்டபிறகு எந்த முகம் கதவுக்குள் வந்தாலும் அதுதான் அவளுக்குத் தம்பி.

அந்தச் சத்தத்தைச் செய்தவர்கள் நாம் இரண்டு பேர். நீ டிப்ளமோ முடித்து முதல் சம்பளங்களைச் சேர்த்து அந்தச் சிவப்புக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தாய். வந்த மறுநாளே "கம்பெனி மேனிஃபோல்ட் மூச்சே விட விடமாட்டேங்குது, ஹெட்டர் போடணும்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்கு நம் தொழில் ஒரு நாளாவது தேவைப்பட்டதே! என்ஜினிலிருந்து புகை வெளியே வரும் முதல் குழாய்கள் அவை. நான்கு சிலிண்டருக்கு நான்கு குழாய், நான்கும் போய் ஓரிடத்தில் சேர வேண்டும். ஜோகுபாளையம் கடையில் வேலை முடிந்தபிறகு மாலை மாலையாக உட்கார்ந்து வளைத்தோம். நீ காகிதத்தில் கோணம் போட்டாய். நான் கண்ணால் பார்த்து வளைத்தேன். மூன்று குழாய் உன் கணக்குப்படி வந்தது. நான்காவது ஸ்டீயரிங் ராடில் போய் முட்டியது, அது உன் கணக்கைப் பார்க்காமல் நான் வளைத்தது. கீழே தாங்கிப் பிடிக்க ஒரு பிராக்கெட் வைக்கலாம் என்று நீ சொன்னாய். "என் வெல்டிங்குக்கு எதுக்குடா ஊன்றுகோல்?" என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரிலேயே, பிராக்கெட் இல்லாமல், அந்த ஹெட்டரைத் தொங்கவிட்டேன்.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணியபோது அம்மா மாவுக் கையோடு வெளியே ஓடிவந்தாள். "ஏன்டா, இது காரா, தொண்டை கட்டின எருமையா?" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து சிரித்தார். அதற்குப் பிறகு நீ எந்த நேரத்துக்கு வந்தாலும் அந்தம்மா மேலேயிருந்து "நிம்ம மக பந்த, நோடி" என்று நீ வந்துவிட்டதைக் கன்னடத்தில் அம்மாவுக்குக் குரல் கொடுத்துச் சொல்வார். அம்மாவுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டதில்லை. கார் சர்ச் முனையில் திரும்பினால் அடுப்பில் கல் ஏறும். நீ சந்தில் இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்து, சுவரில் இடிக்காமல் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டு வரும்போது முதல் தோசை தட்டில் விழும். கார்மெண்ட்ஸ் வேலையிலிருந்து அவள் அலுத்து வந்த நாளிலும் இதில் தவறியதில்லை. ஒரு நாள் நான் அதே காரை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுன் வரை போய்விட்டு வந்தேன். உள்ளே வந்ததும் தட்டில் தோசை. என் முகத்தைப் பார்த்தாள். "அட, நீங்களா" என்று சொல்லித் தட்டை மூடி வைத்துவிட்டாள். நீ வருகிற வரைக்கும் அந்தத் தோசை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அடுப்புக் குமிழ்களை நான் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். திறந்துவிட்டு மறந்துவிடுகிறாள். என்னை "சார்" என்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கிடைக்காத மரியாதை. "சார், எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம். நீங்க இப்பிடி உள்ள உக்காந்திருந்தா நல்லாருக்காது" என்கிறாள். நான் எழுந்து கேட்டுக்கு வெளியே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்காரனாக உள்ளே வருகிறேன். சில நாள் அது எடுபடுகிறது. சில நாள் "மறுபடியும் வந்துட்டீங்களா?" என்கிறாள். உன்னிடம் இதைச் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வெளியே நிற்கும்போது சிரிப்பு வருவதில்லை என்பதைச் சொன்னதில்லை.

ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். நீ கிளம்பும்போது கார் சத்தத்தை என் போனில் பதிவு பண்ணி வைத்துக்கொண்டேன். வார நடுவில் ஒரு மத்தியானம் அவள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். சாதத்தைப் பிசைந்து எவ்வளவு நேரம் நிற்பது? பக்கத்து அறைக்குப் போய் அந்தச் சத்தத்தைப் போட்டேன். என்ன வேகம் வந்தது தெரியுமா அவளுக்கு! "தம்பி வந்துட்டான்" என்று எழுந்தாள். நான் நீட்டியதையெல்லாம் அவசர அவசரமாக விழுங்கினாள். எனக்கு என் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பெருமை வேறு. பிறகு தலையைச் சீவிக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றாள். வெயில் இறங்குகிறவரை அங்கேயே நின்றாள். "உள்ள வா" என்று கூப்பிட்டால், "பார்க்கிங் கெடைக்கல போல, பாவம், சுத்திட்டிருக்கான்" என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். தெருவில் எல்லோரும் பார்க்க "விடுங்க சார்" என்று கத்தினாள். அன்றைக்கே அந்தப் பதிவை அழித்துவிட்டேன். நான் செய்த எத்தனையோ முட்டாள்தனங்களுக்குச் சிரித்திருக்கிறேன். இதற்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியுமா? காலையில் குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று தட்டும், பிறகு கரகரவென்று ஆகும். "என்னப்பா டிக் டிக்னு வருது, பவரும் கொறைஞ்சிருக்கு" என்று போன தீபாவளிக்கே கேட்டாய். "கேஸ்கெட் செட் ஆகுது, ஒண்ணுமில்ல" என்றேன். அது தகடுகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட் இல்லை. நான்கு குழாயும் சேரும் இடத்தில் விரிசல். தாங்கல் இல்லாமல் இத்தனை வருஷம் ஆடி ஆடி என் வெல்டிங் பிளந்துகொண்டது. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவள் காதும் அதோடு கூடவே நடந்து வந்துவிட்டது. அவளுக்கு இன்று "தம்பி" என்றால் அந்த விரிசல்தான்.

அதைப் பற்றவைத்துவிடலாம் என்று பார்த்தேன். சில வாரம் முன்பு நீ தூங்கிக்கொண்டிருந்தபோது "காத்து செக் பண்ணிட்டு வரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போனேனே, ஜோகுபாளையம் கடைக்குத்தான் போனேன். இப்போது அந்தோணிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறான், என்னோடு வேலை செய்தவன். வண்டியைத் தூக்கி அடியில் போய் விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு, "அண்ணே, இது பைப் இல்ல, சல்லட. வெல்டிங் ராடு வச்சா ஓட்டைதான் பெருசாவும்" என்றான். "கொஞ்ச நாள் ஓடுமா?" என்று கேட்டேன். "ஓடும். யாரு ஓட்டுறா?" "பையன்." "தனியாவா?" பின்சீட்டில் தியாவின் பொம்மை கிடந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தான். "பாப்பா உக்கார்ற வண்டியாண்ணே இது? வேற யாராவது இப்படி எடுத்துட்டு வந்திருந்தா நீங்க சாவியே குடுத்திருக்க மாட்டீங்க. ஏண்ணே, என்னாச்சு உங்களுக்கு?" என்றான். "அடுத்த வாரம் மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் "காத்து கரெக்டா இருக்கு" என்றேன்.

கவிதா இதை மெதுவாகப் படிக்கட்டும். அந்த விரிசலிலிருந்து வரும் புகை பானெட்டுக்குள்ளேயே நிற்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே ஜன்னல் மாதிரி இருக்கிறதே, அது வழியாகத்தான் உள்ளே காற்று வருகிறது. காற்றோடு அதுவும் வருகிறது. ஓடும்போது கொஞ்சம் சிதறிப் போகும். டிராஃபிக்கில் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு நின்றால் நேராக உங்கள் மூக்குக்கு. பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று நீ மல்லிகை செண்ட் டப்பா மாட்டியிருக்கிறாய். வாசனை அடிப்பது உன்னை எச்சரிக்கிறது. ஆளைக் கொல்வதற்கு வாசனை கிடையாது. உன் தாத்தா கோலார் சுரங்கத்தில் விழுங்கிய தூசும் கண்ணுக்குத் தெரியாததுதான். அவர் மூச்சுக்கு அலைந்த அலைச்சலைப் பார்த்துத்தான் நான் சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்று பெங்களூருக்கு ஓடிவந்தேன். ஓடிவந்து என்ன? என் கையாலேயே ஒரு குழாய் செய்து பேத்திக்கு மாட்டியிருக்கிறேன்.

தியா காரில் ஏறினாலே தலை வலிக்கிறது என்கிறாள், தூங்கித் தூங்கி விழுகிறாள், இங்கே வந்து இறங்கியதும் வாந்தி எடுக்கிறாள். "இவளுக்கு கார் ஒத்துக்கலை மாமா" என்று கவிதா எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைவலி, டிராஃபிக்கினால் என்று நினைக்கிறாள். மெட்ரோவில் வந்த அன்று குழந்தை வாந்தி எடுக்கவில்லை, கவனித்தாயா? சந்தில் ஓடிக்கொண்டே இருந்தாள். அம்மா உன்னைத் தெரியாது என்று சொன்ன அதே நாள். அன்றைக்கே எனக்கு இரண்டும் புரிந்துவிட்டது. புரிந்தும், "இன்னும் ஒரு வாரம் அவளுக்கு மகன் இருக்கட்டும்" என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளினேன். போன ஞாயிறு தியாவைப் பின்சீட்டிலிருந்து நான்தான் தூக்கி இறக்கினேன். எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. நீ "தூக்கம்பா" என்றாய். அம்மா உள்ளேயிருந்து "தம்பி வந்துட்டான், கல்ல வை" என்கிறாள். குழந்தை என் தோளில் துணி மாதிரி கிடக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து முழித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். அதுவரைக்கும் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. இதைப் படித்த உடனே அவளை ஒரு டாக்டரிடம் காட்டி, புகை உள்ளே வந்தது என்று மறைக்காமல் சொல். கவிதாவும் பார்த்துக்கொள்ளட்டும். என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும். அது நியாயம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் படத்தில் இருப்பது கண்ணாடி மாதிரி மின்னுகிறது, நான்கு பெரிய குழாய் நேராக ஒன்றில் போய் விழுகிறது. அது ரேஸ் மைதானத்துக்கு. என்ஜின் உச்சத்தில் கத்தும்போதுதான் அதற்கு உயிர் வரும். நீ ஓட்டுவது சில்க் போர்டு டிராஃபிக் வழியாக. அங்கே உச்சத்தில் கத்துவது நீதான், என்ஜின் இல்லை. இரண்டாவது படத்தில் நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகிறது. நின்று நின்று போகிற ரோட்டில் இழுவை தருவது அதுதான், அதையே வாங்கு. குழாய் பெரிதாக இருந்தால் பவர் பெரிது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால்தானே தண்ணீர் தூரமாகப் பாய்கிறது, புகையும் அப்படித்தான். என்ஜினோடு போல்ட் போடும் பட்டைத் தகடு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்து, அங்கேயும் கசியும். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார். வெல்டிங் கட்டி கட்டியாக உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடு. புகையைச் சுத்தம் பண்ணும் கன்வர்ட்டர் டப்பாவை எடுத்துவிட்டால் சத்தம் சூப்பராக இருக்கும் என்று சொல்வார்கள். சத்தத்தின் மேல் ஆசைப்பட்டு நான் பட்டது போதும், அதை எடுக்காதே. பிராக்கெட் கட்டாயம் போடு. அந்தோணியிடமே மாட்டு. மாட்டிய பிறகு பின்னால் சைலன்சர் வாயைக் கனத்த துணியால் கொஞ்சம் அடைத்துப் பிடிக்கச் சொல், எங்காவது கசிந்தால் அங்கே உஸ் என்று கேட்கும். சூடாகி ஆறியதும் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல். கடைக்குக் கொண்டு போகும்போது நீ மட்டும் ஓட்டு, கண்ணாடி எல்லாம் இறங்கியிருக்கட்டும். அதுவரை குழந்தை அந்தக் காரில் ஏறக்கூடாது. கடை வாசல் வரைக்கும்கூட.

பழையதை அந்தோணி எடைக்குப் போட்டுவிடட்டும். எனக்குக் கொண்டு வராதே. என்ஜின் இல்லாமல் அது வெறும் துருப்பிடித்த இரும்பு, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிறகு நீ வருவாய். புது ஹெட்டர் சன்னமாக, சுத்தமாகப் பேசும். நல்ல வேலை என்று எனக்கே தோன்றும். சர்ச் முனையில் திரும்பும்போது அவள் நிமிரமாட்டாள். வாசலில் நின்று "யாருங்க?" என்பாள். அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று உனக்குச் சொல்லித் தர எனக்குத் தகுதி இருக்கிறது, தினமும் நிற்கிறேன். "என்னைத் தெரியலையா?" என்று கேட்காதே. கேட்டால் தப்பு செய்துவிட்டதுபோல மிரண்டு போகிறாள். போட்டோவைக் காட்டாதே. "தம்பியைப் பாக்க வந்தேங்க" என்று சொல். உட்காரச் சொல்வாள். உன்னைப் பற்றி உன்னிடமே பெருமை பேசுவாள், கேட்டுக்கொண்டிரு. உன்னைப் பற்றி நானும் அவளிடம் இப்படித்தான் கேட்டு நிறைய தெரிந்துகொண்டேன். பசிக்கிறது என்று சொல்லிப் பார். கல்லை வைக்கச் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் நான் ஹோட்டலில் வாங்கி வைத்திருப்பேன்.

டாக்டர் இனிமேல் புதிதாக எதுவும் அவள் மனதில் ஏறாது என்கிறார். இருக்கலாம். ஆனாலும் சந்தில் வந்து நிறுத்தியதும் உடனே என்ஜினை அணைக்காதே. கொஞ்ச நேரம் ஓடவிடு, புதுச் சத்தம் அவள் காதில் விழட்டும். ஒவ்வொரு வாரமும் அப்படியே செய். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "யாரு வண்டி சார் அது?" என்று கேட்பாள். "தம்பி வண்டி" என்று நான் சொல்கிறேன். மறுபடி கேட்பாள். மறுபடியும் சொல்கிறேன்.

உன் அப்பா